தென்துருவத்து மங்கல் மீன்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விண்மீனைப் பாடாத கவிஞர் உலகில் அரியர். ஆயினும் பாடப்பெற்ற விண்மீன்கள் எத்தனை என்று எண்ணத் தொடங்கினால், இரு கை விரல்களுக்குள் அந்த எண்ணிக்கை அடங்கிவிடும். துருவன், அருந்ததி, அகத்தியன், கார்த்திகை, எழுமீன் என்று பெயர் பெற்றவை திரும்பத் திரும்ப வருகின்றன. பெயரற்றவை 'எண்ணற்ற விண்மீன்கள்' என்னும் ஒரு தொடருக்குள் அடைக்கப்படுகின்றன. உண்மையில் அவை எண்ணற்றவை அல்ல. தெளிந்த இருளில், கருவியின் துணையின்றி, வானம் முழுவதிலும் வெறுங்கண்ணுக்குத் தென்படக்கூடியவை ஏறத்தாழ ஆறாயிரம்தாம். ஓர் ஊரில் ஒரு நேரத்தில் அவற்றுள் பாதிதான் அடிவானத்துக்கு மேல் நிற்கும். அந்த ஆறாயிரத்துள்ளும் பெரும்பான்மையன மங்கலானவை. அத்தகைய மங்கல் மீன் ஒன்றே இவ்வுரையின் பொருள்.

அதன் பெயர் சிக்மா ஆக்டாந்திசு. ஆக்டன்சு என்னும் விண்மீன் குழுவில், கிரேக்க நெடுங்கணக்கின் பதினெட்டாம் எழுத்தாகிய சிக்மாவால் குறிக்கப்படும் மீன் என்பது அதன் பொருள். வெறுங்கண் எல்லையின் விளிம்பில் நிற்கும் இந்த மஞ்சள் கலந்த வெண்மீனே இன்று தென்துருவத்தின் விண்மீன். 2017-ஆம் ஆண்டில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் இதற்குப் 'போலாரிசு ஆசுத்திராலிசு' என்னும் பெயரை முறையாக ஏற்றுக்கொண்டது. தென்துருவ மீன் என்பதே அப்பெயரின் பொருள்.

வடதுருவ மீனை அறியாதார் இலர். தென்துருவ மீனை அறிந்தார் மிகச் சிலர். இரண்டும் ஒரே தொழிலைச் செய்வன. ஒன்று புகழ்பெற்றதும் மற்றொன்று மறைந்து கிடப்பதும் ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடிச் செல்லும் வழியில், ஒளி, நிறம், தொலைவு, கண், சொல் ஆகிய ஐந்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

மங்கலுக்கும் ஓர் அளவுகோல்

ஒளியைத் தரம் பிரிக்கும் வழக்கம் பழமையானது. தாலமி கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'அல்மகெசுட்' என்னும் நூலில் விண்மீன்கள் ஆறு தரங்களாகப் பகுக்கப்பட்டுள்ளன. மிகப் பொலிவானவை முதல் தரம். கண்ணுக்கு அரிதிற் புலப்படுவன ஆறாம் தரம். எண் ஏற ஏற ஒளி குறையும் என்னும் இந்தத் தலைகீழ் முறையே இன்றும் வழக்கில் உள்ளது.

பழைய தரங்களுக்குக் கணித வடிவம் தந்தவர் நார்மன் போக்சன் என்னும் ஆங்கிலேய வானியலறிஞர். முதல் தர மீன் ஆறாம் தர மீனைவிட நூறு மடங்கு ஒளியுடையது என்று கொண்டால், ஒவ்வொரு தரத்துக்கும் இடையே உள்ள விகிதம் ஏறத்தாழ 2.512 ஆகும். 1856-இல் அவர் முன்வைத்த இவ்விதி இன்றுவரை உலகம் முழுவதும் ஆளப்பெறுகிறது. அதே போக்சன் 1861-இல் சென்னை வானாய்வகத்தின் தலைமைப் பொறுப்பேற்று வந்து, 1891-இல் மறையும்வரை முப்பதாண்டுகள் நுங்கம்பாக்கத்தில் பணியாற்றினார் என்பது ஈண்டு நினையத்தக்கது. மங்கலை அளக்கும் கோலைத் தந்தவர் தம் வாழ்வின் ஏறத்தாழப் பாதியைச் சென்னையில் கழித்தார்.

இந்தக் கோலால் அளந்தால், வடதுருவ மீனின் ஒளித்தரம் ஏறத்தாழ 2. தென்துருவ மீனின் தரம் ஏறத்தாழ 5.4. இடைவெளி மூன்றரைத் தரத்துக்கு அணித்தானது. அதாவது வடதுருவ மீன் தென்துருவ மீனைவிட இருபத்தைந்து மடங்கு ஒளியுடையதாகத் தோன்றுகிறது. தமிழர் நன்கறிந்த வேறொரு மீனோடும் ஒப்பிடலாம். திருமணத்தில் மணமக்களுக்குக் காட்டப்பெறும் அருந்ததியின் தரம் 4. அதைப் பார்ப்பதே கண்ணுக்கு ஒரு தேர்வு என்று கருதப்பட்டது. தென்துருவ மீனோ அருந்ததியைவிடவும் மூன்றரை மடங்கு மங்கலானது. அருந்ததியை எளிதிற் காணும் கண்ணுக்கும் இது அடுத்த தேர்வு.

நிறம் என்னும் செய்தி

மஞ்சள் கலந்த வெண்மீன் என்று சொல்லப்பட்டது. ஆனால் இம்மீனை வெறுங்கண்ணால் பார்ப்பவர் எவரும் அந்த நிறத்தைக் காண்பதில்லை. மங்கிய சாம்பற் புள்ளியாக மட்டுமே அது தென்படும். அவ்வாறாயின் நிறம் எங்கிருந்து அறியப்பட்டது?

விண்மீனின் ஒளியைப் பட்டகத்தின் வழியே விரித்தால் நிறமாலை கிடைக்கும். அதில் ஊடே இருண்ட கோடுகள் காணப்படும். அக்கோடுகளின் தன்மை கொண்டு விண்மீன்களை ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்னும் ஏழு வகைகளாக வரிசைப்படுத்தினார் ஆனி ஜம்ப் கேனன் என்னும் அமெரிக்க அம்மையார். ஆர்வர்டு வானாய்வகத்தில் அவர் தனியொருவராக வகைப்படுத்திய இரண்டேகால் இலக்கம் விண்மீன்களின் பட்டியல் 1918 முதல் 1924 வரை வெளிவந்தது. அந்த எழுத்து வரிசை உண்மையில் வெப்ப வரிசையே என்பதைக் கணக்கிட வழிகாட்டியது 1920-இல் மேகநாத சாகா வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு. அதைக் கருவியாகக் கொண்டு, 1925-இல் செசிலியா பெய்ன் ஒவ்வொரு வகைக்கும் உரிய வெப்பநிலையை நிறுவினார்.

இவ்வரிசையில் ஏ வகை வெண்மை. ஜி வகை, நம் ஞாயிற்றைப் போல், மஞ்சள். இரண்டுக்கும் இடைப்பட்ட எஃப் வகையே மஞ்சள் கலந்த வெண்மை. அவ்வகையின் தொடக்கத்தில் நிற்பது தென்துருவ மீன். அதன் மேற்பரப்பு வெப்பம் 7,000 கெல்வினுக்கு மேல். ஞாயிற்றின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,770 கெல்வின்.

கண்ணுக்கு அந்நிறம் புலப்படாமைக்குக் காரணம் மீனிடத்தில் இல்லை, கண்ணிடத்தில் உள்ளது. விழித்திரையில் இருவகை உணர்வணுக்கள் உண்டு. கூம்பு வடிவானவை நிறமறியும். ஆனால் அவற்றுக்கு மிகுந்த ஒளி வேண்டும். கோல் வடிவானவை மிகச் சிறிய ஒளியையும் உணரும்; ஆனால் நிறமறியா. ஐந்தாம் தர மீனின் ஒளி கோல்களை எழுப்பப் போதுமானது, கூம்புகளை எழுப்பப் போதாதது. எனவே நிறம் என்னும் செய்தி ஒளியில் ஏறிவந்தும், பார்ப்பவனுக்கு எட்டாமற் போகிறது.

மேலும் ஒன்று. விழித்திரையின் நடுக்குழியில் கோல் அணுக்கள் இல்லை. நேராக உற்றுப் பார்க்கும்போது பார்வை விழும் இடம் அதுவே. ஆதலால் மிக மங்கிய மீனை நேராகப் பார்த்தால் அது மறையும்; பார்வையைச் சற்றே ஒதுக்கி, பக்கத்தில் உள்ள இருளைப் பார்த்தால் மீன் தோன்றும். வானநோக்கர் அனைவரும் கைக்கொள்ளும் முறை இது. இருளுக்குக் கண் பழக இருபது முதல் முப்பது நிமிடங்கள் வேண்டும் என்பதும் அவர்கள் அறிந்ததே. இடையில் ஒரு விளக்கைப் பார்த்துவிட்டால் காத்திருத்தலை மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அகத்தியனும் அதன் இளைய உறவும்

மங்கலான மீன் என்றால் சிறிய மீன், ஒளி குன்றிய மீன் என்று எண்ணுவது இயல்பு. அது பிழை என்பதை அளவுகள் காட்டும். தென்துருவ மீன் ஞாயிற்றைவிட நாற்பது மடங்குக்கும் மேலாக ஒளி உமிழ்கிறது. அதன் ஆரம் ஞாயிற்றின் ஆரத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மிக்கது. அது மங்கலாகத் தோன்றுவது தொலைவினால். ஏறத்தாழ 290 ஒளியாண்டுத் தொலைவில் அது நிற்கிறது. ஞாயிற்றைப் பெயர்த்துக் கொண்டுபோய் அதே தொலைவில் வைத்தால், அதன் ஒளித்தரம் ஒன்பதரையை எட்டும்; கருவியின்றி எவராலும் அதைக் காண இயலாது. பகலை ஆளும் ஞாயிறு அங்கே இருப்பதே தெரியாமற் போகும். மங்கல் என்று சொல்லப்படும் இந்த மீனோ அங்கிருந்தும் தெரிகிறது.

அவ்வாறெனில் தொலைவு மட்டுமே காரணமா? அதற்கு விடை, தமிழ் மரபுக்கு மிக நெருங்கிய மற்றொரு மீனிடம் உள்ளது. மாசி மாதத்து முன்னிரவில் சென்னையில் தென்திசை நோக்கி நிற்பவர்க்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 24 பாகை உயரத்தில், பெரும் பொலிவோடு ஒரு மீன் தோன்றும். அதுவே அகத்தியன், மேலைநாட்டார் கனோப்பசு என்பர். இரவு வானில் இரண்டாவது பொலிவுமிக்க விண்மீன் அது. நிறமாலையில் அது ஏ வகையும் எஃப் வகையும் சந்திக்கும் எல்லையில் நிற்கிறது. அதன் தொலைவு ஏறத்தாழ 310 ஒளியாண்டு.

ஆக அகத்தியனும் தென்துருவ மீனும் ஏறத்தாழ ஒரே நிறத்தவை. ஏறத்தாழ ஒரே தொலைவில் உள்ளவை. ஆனால் ஒன்று மற்றொன்றைவிட முந்நூறு மடங்கு ஒளியுடையதாகத் தோன்றுகிறது. இந்த வேறுபாட்டுக்குத் தொலைவும் காரணமன்று, வெப்பமும் காரணமன்று. உருவமே காரணம். அகத்தியனின் ஆரம் ஞாயிற்றின் ஆரத்தைப் போல் எழுபது மடங்கு. பரப்பு ஆரத்தின் வர்க்கமாக வளரும் என்பதால், ஒரே வெப்பமுடைய இரு மீன்களில் பெரியது பன்னூறு மடங்கு ஒளி தருகிறது. புராணத்தில் அகத்தியன் குறுமுனி. வானத்தில் அவன் பெயர் தாங்கிய மீன் பேருருவம் கொண்டது. குறுமுனி என்னும் பெயருக்குப் பொருத்தமான மீனைத் தேடினால், இன்னும் தெற்கே, தமிழகத்தின் அடிவானத்துக்குக் கீழே செல்ல வேண்டும்.

அசையாத மீன் அசைவது

துருவம் என்னும் சொல்லுக்கு அசையாதது, உறுதியானது என்று பொருள். அப்பொருளில்தான் கவிதையும் அதை ஆள்கிறது. வானியலோ இரு வகையில் அதை மறுக்கிறது.

முதலாவது, துருவ மீன் தன்னளவிலேயே துடிப்பது. தென்துருவ மீன் 'டெல்டா சுகூட்டி' என்னும் மாறொளி மீன் வகையைச் சேர்ந்தது. அதன் உட்புறத்தே அயனியான ஈலியப் படலம் வெப்பத்தைத் தேக்குவதும் விடுப்பதுமாக இருப்பதால், மீன் விரிந்து சுருங்குகிறது. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 2 மணி 20 நிமிடம். ஒளி மாற்றம் நூற்றில் மூன்று பங்கு அளவே ஆதலால் கண் அதை உணராது. வடதுருவ மீனும் துடிப்பதே. அது செபீடு வகை, ஏறத்தாழ நான்கு நாட்களுக்கு ஒருமுறை துடிக்கும். புவியின் அச்சு சுட்டும் இரு திசைகளிலும் நிற்பவை துடிக்கும் மீன்களே.

இரண்டாவது, துருவமே நகர்வது. புவியின் அச்சு, தளர்ந்து சுழலும் பம்பரத்தின் தலைபோல், ஏறத்தாழ 25,800 ஆண்டுகளுக்கு ஒருமுறை வானில் ஒரு வட்டம் இடுகிறது. இதனை அயன சலனம் என்பர். இந்த நகர்ச்சியால் தென்துருவப் புள்ளி சிக்மா ஆக்டாந்திசை மிக நெருங்கி நின்றது 1860-களில். அப்போது இடைவெளி முக்கால் பாகைக்கும் குறைவு. இன்று அது ஒரு பாகைக்குச் சற்று மேல், ஆண்டுதோறும் விரிந்துவருகிறது. இரவு முழுதும் ஒளிப்படக் கருவியைத் திறந்துவைத்துத் தென்வானைப் படமெடுத்தால், மற்ற மீன்கள் பெரிய வில்களை வரையும்போது, இம்மீன் மட்டும் முழுமதியின் அகலத்தைப் போல் நான்கு மடங்குக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுள்ள சிறு வட்டத்தின் ஒரு பகுதியை வரையும். அசையாதது அன்று, மிகக் குறைவாக அசைவது என்பதே உண்மை.

ஏறத்தாழ கி.பி. 9000 அளவில், டெல்டா வேலோரம் என்னும் இரண்டாம் தர மீன் தென்துருவத்தை அணுகும். அப்போது தென்திசைக்கும் வடதிசைபோல் பொலிவான மீன் கிடைக்கும். இன்றைய மனிதர்க்கு வாய்த்தது இந்த மங்கல் மீனே.

பெயரிட்டவரும் பயன்கொண்டவரும்

பழங்காலத்து வடநாட்டு வானியலார் தென்துருவப் பகுதியைக் கண்டதில்லை. அப்பகுதிக்கு முறையான பட்டியல் தந்தவர் நிக்கோலா லூயி டி லக்காய் என்னும் பிரெஞ்சு அறிஞர். 1751, 1752 ஆகிய ஆண்டுகளில் நன்னம்பிக்கை முனையில் தங்கி, ஏறத்தாழ பத்தாயிரம் தென்வான் மீன்களின் இருப்பிடங்களை அவர் அளந்தார். பின்னர் 1753-இல் மொரிசியசுத் தீவிலும் அளவைப் பணி செய்தார். அவர் புதிதாக வகுத்த பதினான்கு விண்மீன் குழுக்கள் பெரும்பாலும் கருவிகளின் பெயர் கொண்டவை. துருவத்தைச் சூழ்ந்த குழுவுக்குக் கடலோடிகளின் கோணமானியாகிய ஆக்டன்டின் பெயரை அவர் இட்டார். அக்கருவியை ஜான் ஹாட்லி இலண்டன் அரச கழகத்தில் அறிமுகப்படுத்தியது 1731-இல்.

இன்று புவியை எட்டும் இம்மீனின் ஒளிக்கதிர், 290 ஒளியாண்டுக் கணக்கின்படி, ஹாட்லியின் காலத்தை ஒட்டிப் புறப்பட்டது. தமிழகத்தில் வீரமாமுனிவர் சதுரகராதியை நிறைவு செய்த 1732-ஆம் ஆண்டும் அக்காலத்தை ஒட்டியதே. தமிழ்ச் சொற்கள் சதுரகராதியில் அகராதி முறையில் அடுக்கப்பட்ட நாளை ஒட்டிக் கிளம்பிய ஒளி, இன்றுதான் தென்னிலத்துக் கண்களை அடைகிறது.

கோணமானியின் பெயர் தாங்கிய குழுவில் நின்றும், இம்மீன் கடலோடிகளுக்கு உதவவில்லை. ஆடும் கப்பலில் நின்று கோணமானியால் பிடிப்பதற்கு அது மிக மங்கல். எனவே கடலோடிகள் தென்சிலுவையின் நெடுங்கோட்டை நான்கரை மடங்கு நீட்டித் தென்துருவத்தை உய்த்தறிந்தனர். இன்று தென்னிலத்தில் தொலைநோக்கி அமைப்போர்தாம் இம்மீனை நாடுகின்றனர். சிக்மா, கை, டௌ, உப்சிலன் என்னும் நான்கு மங்கல் மீன்கள் அமைக்கும் சிறு நாற்கோணத்தை அடையாளம் கண்டு, கருவியின் அச்சைத் துருவத்துக்கு நேராக்குகின்றனர்.

ஒரு நாடு மட்டும் இம்மீனைக் கொடியில் ஏற்றியது. பிரேசில் குடியரசின் கொடி 1889-ஆம் ஆண்டு நவம்பர் 19 அன்று ஏற்கப்பட்டது. அதன் நீல வட்டம், குடியரசு அறிவிக்கப்பட்ட நவம்பர் 15 அன்று காலை 8.30 மணிக்கு ரியோ டி ஜனீரோ நகரின் மேலிருந்த வானத்தைக் குறிக்கிறது. காலை வெயிலில் எந்த மீனும் தெரிந்திராது; ஆயினும் அவை அங்கே இருந்தன என்னும் துணிவில் அக்கொடி வரையப்பட்டது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதில் 27 மீன்கள். தலைநகரப் பகுதிக்குரியது நீங்கலாக ஒவ்வொன்றும் ஒரு மாநிலம். கூட்டாட்சித் தலைநகரப் பகுதிக்கு அளிக்கப்பட்டது, அவையனைத்திலும் மங்கலான சிக்மா ஆக்டாந்திசு. ஏனைய மீன்கள் அனைத்தும் தென்வானில் அதனைச் சூழ்ந்தே சுற்றுவதாகத் தோன்றும். அதிகாரத்தின் இருக்கைக்கு மிகப் பொலிவான மீனைத் தேடாமல், நடுவே நிற்கும் மீனைத் தேர்ந்தமை கருதத்தக்கது.

தமிழர் கண்டதும் காணாததும்

துருவத்தின் உயரம் அந்த ஊரின் நிலநேர்க்கோட்டுப் பாகைக்குச் சமம் என்பது வானியலின் எளிய விதி. சென்னை வடக்கே 13 பாகையில் உள்ளது. எனவே வடதுருவ மீன் அங்கே 13 பாகை உயரத்தில் நிற்கும். தென்துருவ மீனோ அதே அளவு தென்னடிவானத்தின் கீழே ஆழ்ந்திருக்கும். தமிழகத்தின் எந்த ஊரிலும், எந்த நாளிலும், அது எழுவதே இல்லை.

சென்னை வானாய்வகத்திலிருந்து தெற்கே எட்டிய கண் ஒன்று உண்டு. அங்குப் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு மாறொளி மீனைக் கண்டறிந்தார். லக்காயின் ரெட்டிக்குலம் குழுவைச் சேர்ந்த அம்மீன், சென்னையில் எவ்வளவு உயர்ந்தாலும் 14 பாகைக்கு மேல் எழாதது. அடிவானத்துப் புழுதிக்கு இடையே அதன் ஒளி மாறுவதை உணர்ந்த பொறுமை போற்றத்தக்கது. அதற்கும் அப்பால் தெற்கே பார்வை செல்லப் புவியின் வளைவே இடந்தரவில்லை.

ஆனால் தமிழர் சென்றனர். 1860-ஆம் ஆண்டு சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்னும் கப்பல், நவம்பர் 16 அன்று நேட்டாலின் தர்பன் துறையை அடைந்தது. அதில் சென்றவர்கள் ஒப்பந்தக் கூலிகள். அவர்களுக்கு முன்னரே மொரிசியசுக்கும், பின்னர் 1903 முதல் பிஜிக்கும் தென்னிந்தியர் கொண்டுசெல்லப்பட்டனர். கப்பல் தெற்கே ஒவ்வொரு பாகை செல்லும்போதும் வடதுருவ மீன் ஒவ்வொரு பாகை தாழும். நிலநடுக்கோட்டை ஒட்டி அது கடலைத் தொடும், பின்னர் மூழ்கும். ஊர்த் திசையைக் காட்டிய மீன், ஊரைவிட்டு நீங்கிய சில வாரங்களிலேயே கண்ணைவிட்டும் நீங்கியிருக்கும். தர்பனில் தென்துருவம் 30 பாகை உயரத்தில் நிற்பது. துரூரோ சென்றடைந்த அந்தப் பத்தாண்டு, சிக்மா ஆக்டாந்திசு தென்துருவத்தை மிக நெருங்கி நின்ற அதே பத்தாண்டு என்பது கணக்கு காட்டும் உண்மை.

அவர்தம் வழித்தோன்றல்களும், பின்னாளில் சிட்னியிலும் மெல்பர்னிலும் ஆக்லாந்திலும் குடியேறிய தமிழரும், துருவன் என்னும் சொல்லைக் கொண்டுசென்றனர். துருவனைக் கொண்டுசெல்ல இயலவில்லை. அங்கே பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குத் துருவ மீன் என்பது பாடநூற் சொல். அதைத் தன் வீட்டு முற்றத்தில் நின்று அப்பிள்ளை ஒருநாளும் கண்டதில்லை. தன் தலைக்கு மேல் உண்மையாகவே நிற்கும் துருவ மீனுக்கோ தமிழ்க் கவிதையில் வழக்காறு இல்லை. ஓரிடத்தில் பொருளின்றிச் சொல் இருக்கிறது. மற்றோரிடத்தில் சொல்லின்றிப் பொருள் இருக்கிறது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தோடு பொருந்திய கருப்பொருளையே கவிதைக்கு இலக்கணமாக வகுத்த மொழியில், இந்த இடைவெளி சிறியதன்று. தென்னிலத்துத் தமிழ்க் கவிஞன் வடதுருவனை நிலைபேற்றின் குறியாகப் பாடினால், அது அவன் வானத்தின் கருப்பொருள் ஆகாது. நினைவின் கருப்பொருளே ஆகும். நினைவைப் பாடுவது தவறன்று. ஆனால் அது நினைவு என்று அறிந்து பாடுதல் வேண்டும்.

மறையும் முன்

தென்னிலத்தில் வாழ்ந்தாலே இம்மீன் தெரிந்துவிடுமா என்றால், இல்லை. நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில், ஜகார்த்தா போன்ற ஊரில், தென்துருவம் ஆறு பாகை உயரத்திலேயே நிற்கும். அங்கே காற்று மண்டலத்தின் தடித்த அடுக்கு இதன் ஒளியை விழுங்கிவிடும். தர்பனிலோ சிட்னியிலோ உயரம் போதுமானது, தடை வேறு. நகர விளக்குகளின் ஒளி வானில் சிதறிப் பின்புலத்தை வெளுக்கச் செய்கிறது. பெருநகர வானில் மூன்றாம், நான்காம் தர மீன்களோடு கண்ணின் எல்லை முடிந்துவிடும். ஐந்தாம் தர மீன் அங்கே இல்லாததற்குச் சமம்.

2016-இல் வெளியான ஒளி மாசு உலக வரைபடத்தின்படி, மனித குலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் தம் இருப்பிடத்திலிருந்து பால்வெளியைக் காண இயலாதவர். 2011 முதல் 2022 வரை உலகெங்கும் பொதுமக்கள் அனுப்பிய நோக்கீடுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான ஆய்வு, இரவு வானின் வெளிச்சம் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து அளவில் மிகுந்துவருவதாகக் கணித்தது. ஓரிடத்தில் ஒரு குழந்தை பிறந்தபோது 250 மீன்கள் தெரிந்தன என்றால், அதற்குப் பதினெட்டு வயதாகும்போது ஏறத்தாழ 100 மீன்களே தெரியும் என்பது அவ்வாய்வின் கணக்கு.

இவ்வாறு மறைவனவற்றுள் அகத்தியன் இராது. பொலிவான மீன்கள் நகரத்திலும் நிற்கும். அவற்றின் பெயர்களும் கவிதையில் நிற்கும். முதலில் போவன மங்கலானவை. பெயர் பெறாதனவும், பாடப்பெறாதனவும் அவையே. எனவே அவை போனதை எவரும் உணரமாட்டார். இழந்தது இன்னது என்று சொல்ல மொழியில் சொல்லே இராது. இழப்புகளுள் இதுவே கொடிது.

இதற்கு மாற்று அரிதான ஒன்றன்று. நிலத்துக்கு வேண்டிய விளக்கு நிலத்தை நோக்கியிருத்தல், தேவையற்ற நேரத்தில் அணைந்திருத்தல், மூடியிட்டிருத்தல் ஆகிய மூன்றும் போதும். ஒளி மாசு, விளக்கை அணைத்த நொடியிலேயே நீங்கிவிடும் மாசு. ஆற்று நீரைத் தூய்மையாக்க ஆண்டுகள் வேண்டும்; வானத்தைத் தூய்மையாக்க விசை ஒன்றைத் தட்டினால் போதும். மீன்கள் எங்கும் போய்விடவில்லை.

கவிஞர்க்குரிய கடமை இதனின் வேறானது. மங்கலானதைக் காண்பதற்கு வானநோக்கர் கைக்கொள்ளும் ஒழுக்கம் மூன்று: இருளுக்குக் கண்ணைப் பழக்குதல், காத்திருத்தல், நேராகப் பாயாமல் சற்றே விலகிப் பார்த்தல். சொல்லைத் தேடுவோர்க்கும் இவை புதியன அல்ல. ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் திங்கள்தோறும் கூடிச் செய்து வந்திருப்பதும் பெரும்பாலும் இதுவே. பெயர் பெற்ற கவிதைகளைப் போற்ற எங்கும் மேடைகள் உண்டு. பெயர் பெறாத ஒரு வரியை, அது தெரியும்வரை பொறுத்திருந்து பார்க்கச் சிலர் கூடும் இடமே வட்டம் எனப்படும்.

தென்துருவ மீனுக்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும். அதனை இடும் உரிமை, அது எழும் வானத்தின் கீழ் வாழும் தமிழர்க்கே உரியது. தர்பனிலோ, போர்ட் லூயியிலோ, மெல்பர்னின் புறநகரிலோ, விளக்கற்ற ஓர் இரவில் அரை மணி நேரம் காத்து நின்று, பார்வையைச் சற்றே ஒதுக்கி, அந்தச் சாம்பற் புள்ளியைக் கண்ட ஒருவர் அப்பெயரை இடட்டும். வடக்கே உள்ளோர், மாசியில் அகத்தியனைக் காணும்போது, அதே நிறத்தில், ஏறத்தாழ அதே தொலைவில், அடிவானத்துக்குக் கீழே மற்றொரு மீன் உண்டு என்பதை நினைவிற் கொள்ளட்டும். அந்தப் பெயர் ஒரு கவிதையில் முதன்முதலாக அச்சேறும் நாளை இவ்வட்டத்தின் அடுத்த மலர் கண்டால், அது தமிழுக்கு ஆக்கம்.